குரலுக்குப் பின்னால் ஒரு சுவர்

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழர்களுக்கு எக்கோ என்றால் என்னவென்று எவரும் விளக்க வேண்டியதில்லை. தைப்பூசக் காலத்துத் தண்ணீர்ப் பந்தல்களில் அலறும் ஒலிபெருக்கிகளிலும், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கடைக்குக் கடை போட்டியிட்டுக்கொண்டு எழும் விளம்பரக் குரல்களிலும், கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் நண்பர்கள் கரோக்கே மைக்கைக் கையிலெடுக்கும் உற்சாகத்திலும், மூலக் குரலைக் காட்டிலும் அதன் வால் நீண்டு ஒலிப்பதைக் கேட்டுக்கொண்டே நாம் வளர்ந்திருக்கிறோம். அந்த நீண்ட வாலில் ஒரு கம்பீரம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், சொந்த வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, ஒரு மைக்கையும் ஒரு கணினியையும் வைத்துக்கொண்டு தமிழ்ப் பாட்டுகளைப் பதிவு செய்யும் இளைஞர்கள் பெருகியிருக்கும் இக்காலத்தில், குரலுக்கு அழகு சேர்க்க வேண்டுமென்ற ஆசை எழுந்ததும் அந்தக் கம்பீரத்தையே அவர்கள் தேடிப் போவதால், பாடிய சொற்களில் பாதி வெள்ளத்தில் மூழ்கிப் போவதைக் காணும்போது, அதே எதிரொலிக் குடும்பத்தைச் சேர்ந்த, ஆனால் மிகவும் அடக்கமான, வேறோர் உபாயத்தை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமென்று தோன்றுகிறது.

ஸ்லாப்பேக் டிலே என்று ஒலிப்பதிவாளர்கள் வழங்கும் அந்த உபாயத்தின் லட்சணம் எளிமையானது. குரல் ஒலித்த பிறகு, சுமார் 80 முதல் 140 மில்லி விநாடி கழித்து, அதே குரல் ஒரே ஒரு தடவை, சற்று அடங்கிய தொனியில் திரும்பி வருகிறது. அதன் பின் மூன்றாவது ஒலி கிடையாது. ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு என்று சொன்னால் அதன் குறுமை விளங்கும். மலைக்கு எதிரே நின்று கூவினால் வரும் எதிரொலியைப் போல இது தனித்துக் கேட்பதில்லை; பத்துமலையின் 272 படிகளை ஏறிக் குகைக் கோயிலுக்குள் நுழைந்தால் நாதஸ்வரத்தின் நாதம் சுண்ணாம்புப் பாறைகளில் பட்டுப் பட்டுக் கரைந்து விநாடிக் கணக்கில் மிதக்கிறதே, அந்த ரிவர்பும் அன்று. குரல் முன்னால் நிற்கிறது. அதன் பின்னால், கைக்கெட்டாத தூரத்தில், ஒரே ஒரு சுவர் இருப்பதாகக் காது உணர்கிறது.

இது புகழ்பெற்ற இடம் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரம். சாம் ஃபிலிப்ஸ் என்பவர் 1950-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யூனியன் அவென்யூவில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தைத் திறந்து, பின்னர் சன் ரெக்கார்ட்ஸ் என்னும் நிறுவனத்தையும் தொடங்கினார். பெரிய கம்பெனிகளுக்கு அக்காலத்தில் தனியாக எதிரொலி அறைகள் இருந்தன. காலியான ஓர் அறைக்குள் ஒலிபெருக்கியை ஒரு கோடியிலும் மைக்கை மறு கோடியிலும் வைத்து, அறையின் முழக்கத்தையே பாட்டுடன் கலந்துகொள்வார்கள். அத்தகைய அறைக்கு இடமோ பணமோ இல்லாத ஃபிலிப்ஸ், தம்மிடமிருந்த இரண்டு ஆம்பெக்ஸ் டேப் யந்திரங்களைக் கொண்டே காரியத்தைச் சாதித்தார். டேப் யந்திரத்தில் ஒலியைப் பதிக்கும் முனை ஒன்று, பதிந்ததை வாசிக்கும் முனை மற்றொன்று. இரண்டுக்கும் இடையில் சிறிது இடைவெளி உண்டு. பாடகரின் குரலை முதல் யந்திரத்தில் பதிவு செய்துகொண்டே அதன் ஒரு கிளையை இரண்டாவது யந்திரத்துக்கும் அனுப்பி, அங்கே பதிந்து, அடுத்த முனையைக் கடக்கும்போது வாசிக்கப்பட்டு வரும் ஒலியை மறுபடியும் மூலக் குரலோடு சேர்த்துவிட்டால், நாடா அந்த இடைவெளியைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரமே தாமதமாகிவிடுகிறது. இடைவெளி இரண்டு அங்குலம் என்றும், நாடா விநாடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடுகிறது என்றும் வைத்துக்கொண்டால், தாமதம் ஏறக்குறைய 133 மில்லி விநாடி. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அது 267 ஆகிவிடும். ஆகவே இன்று கணினித் திரையில் நாம் திருப்பும் எண், ஆதியில் இரும்பும் நாடாவும் சேர்ந்து நிர்ணயித்த எண்ணாகும்.

1954-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் எல்விஸ் பிரெஸ்லி என்ற, அப்போது பத்தொன்பது வயதே நிரம்பியிருந்த இளைஞர், ஒரு கிதாரும் ஒரு பேஸும் துணைக்கு நிற்க, மத்தளமே இல்லாமல் அந்த அறையில் பாடினார். அன்று தொடங்கி ஓராண்டுக்கு மேல் அங்கே பதிவான பாட்டுகளைக் கேட்பவர்கள், மூன்றே பேர் எழுப்பும் ஒலி இத்தனை நிறைவாக இருப்பது எப்படி என்று வியப்பதற்கு இந்த ஒற்றை எதிரொலியே பெரும்பாலும் காரணம். தாளவாத்தியம் இல்லாத குறையை, குரலும் கிதாரும் தம் நிழலைக் கொண்டே நிரப்பிக்கொள்கின்றன. 1955-ஆம் ஆண்டு நவம்பரில் ஆர்.சி.ஏ. கம்பெனி எல்விஸின் ஒப்பந்தத்தை 35,000 டாலர் கொடுத்து வாங்கியது. அடுத்த ஜனவரியில் நாஷ்வில் நகரத்துக் கூடத்தில் 'ஹார்ட்பிரேக் ஹோட்டல்' பதிவானபோது, அக்கம்பெனியின் தேர்ந்த பொறியாளர்களுக்கு அந்த மெம்பிஸ் ஒலியின் சூட்சுமம் பிடிபடவில்லை. கட்டடத்து நடைக்கூடத்தின் ஒரு கோடியில் ஒலிபெருக்கியை வைத்து முழக்கம் சேர்த்தார்கள். அதுவும் அழகான பாட்டுதான். ஆனால் முன்னதில் காதருகே நின்று பாடியவர், பின்னதில் ஒரு நீண்ட வராந்தாவின் மறுகோடிக்குப் போய்விட்டார் என்பதை இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும் எவரும் உணரலாம். செல்வமும் சாதனங்களும் மிகுந்த கம்பெனி, ஏழைக் கூடத்தின் ஒலியைப் பெற முடியாமல் திகைத்த இந்த வரலாறு, படுக்கையறையில் பாட்டுப் பதிவு செய்யும் நம் பிள்ளைகளுக்குத் தைரியம் தரவேண்டும்.

நம் நாட்டுக் காதுகளும் இந்த ஒலிக்குப் புதியவை அல்ல. 1961-ஆம் ஆண்டில் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து வாசித்துவிட்டுப் போன பிறகு, தீபகற்பம் முழுவதும் கிதார்க் குழுக்கள் தோன்றின. அக்குழுவின் ஹாங்க் மார்வின் தம் கிதாரை டேப் எதிரொலிப் பெட்டியின் வழியாகவே வாசித்ததால், அவரைப் பின்பற்றிய பாப் யே யே யுகத்து மலாய்ப் பாட்டுகளிலும் அந்தத் துள்ளும் எதிரொலி குடிபுகுந்தது. அதற்குப் பின் ஒரு தலைமுறைக்கும் மேல் கழித்து, 2006-ஆம் ஆண்டில் யோகி பி-யும் நட்சத்ராவும் 'வல்லவன்' இசைத்தட்டின் மூலம் தமிழ் ராப் பாட்டைத் தமிழ்நாடு வரைக்கும் கொண்டுசென்றபோது, மலேசியத் தமிழிசையின் மையம் ராகத்திலிருந்து சொல்லுக்கு நகர்ந்தது என்பது என் அபிப்பிராயம். இன்று ஷா ஆலத்திலும் கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் வீட்டிலிருந்தபடியே பதிவாகும் தமிழ்ப் பாட்டுகளில் பெரும்பகுதி சொல்லை நம்பி நிற்பவை. ஆகவே சொல்லைக் காப்பாற்றும் எதிரொலி எது என்பது நமக்குச் சாதாரண விஷயமன்று.

காது இதை எவ்வாறு ஏற்கிறது என்பதைப் பார்ப்போம். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949-ஆம் ஆண்டில் செய்த ஆராய்ச்சியின்படி, ஓர் ஒலியும் அதன் பிரதியும் சுமார் 30, 40 மில்லி விநாடிக்குள் அடுத்தடுத்து வந்தால், காது இரண்டையும் பிரித்தறிவதில்லை. முதலில் வந்த திசையிலிருந்தே முழு ஒலியும் வருவதாக எடுத்துக்கொள்கிறது. பேச்சில் 50 மில்லி விநாடியைத் தாண்டும்போது பிரதி மெல்லப் பிரியத் தொடங்கும். 150-ஐத் தாண்டினால் தெளிவான எதிரொலியாகித் தனக்கென்று கவனத்தைக் கோரும். இவ்விரண்டுக்கும் நடுவில், ஒன்றா இரண்டா என்று காது தீர்மானிக்காமல் தயங்கும் குறுகிய பிரதேசமே ஸ்லாப்பேக்கின் ராஜ்யம். தூரமாகக் கணக்கிட்டால் இன்னும் தெளிவாகும்: நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் செல்கிறது, 120 மில்லி விநாடியில் 42 மீட்டர் போய்வரும், எனவே சுவர் 21 மீட்டர் அப்பால் இருக்கிறது. ஒரு பூப்பந்து மைதானத்தின் நீளம் 13.4 மீட்டர்தான் என்பதை நினைத்தால், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் முணுமுணுத்துப் பாடிய குரல், அதைவிடவும் பெரிய மண்டபத்தில் நிற்பதாகக் காதுக்குப் பிரமை உண்டாகிறது. ஆயினும் பாடுபவர் நம்மைவிட்டு ஓரடிகூட விலகுவதில்லை. ரிவர்ப் குரலைத் தூரத்துக்கு அனுப்பி விசாலத்தைத் தருகிறது. ஸ்லாப்பேக்கோ குரலை அருகிலேயே நிறுத்திக்கொண்டு அதைத் தருகிறது.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். தமிழ் இலக்கணம் எழுத்துக்கு நேரத்தை அளந்து வைத்திருக்கிறது: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை, மாத்திரை என்பது இயல்பாகக் கண் இமைக்கும் நேரம், அல்லது கை நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியம் வகுத்தது. படு என்பதற்கும் பட்டு என்பதற்கும், அகம் என்பதற்கும் அக்கம் என்பதற்கும் உள்ள பேதத்தில் ஒலியின் வன்மை மாத்திரமல்ல, காலமும் அடங்கியிருக்கிறது. பட்டு என்னும்போது நாக்கு மேலே ஒட்டி, மூச்சு அடைபட்டு, ஒரு கணம் முழு மௌனம் நிலவுகிறது. அந்த மௌனம் இருப்பதால்தான் அது பட்டு. அதன் அளவு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டது. வேகமாகச் சொல்லடுக்கும் பாடகர் ஒரு விநாடிக்கு ஆறேழு அசைகளை உதிர்க்கிறார். அவர் குரல்மேல் இரண்டு விநாடி நீளமுள்ள ரிவர்பைப் போட்டால், ஒவ்வோர் அசையின் மிச்சமும் அடுத்த பன்னிரண்டு அசைகளின்மேல் படிகிறது. ஒற்றெழுத்துக்களின் மௌனங்களெல்லாம் நிரம்பிவிடுகின்றன. வல்லினம் மழுங்கி, பாட்டு வெறும் முழக்கமாகிறது. ஸ்லாப்பேக்கோ அடுத்த ஓர் அசையை மட்டுமே தொடுகிறது. தமிழில் சொல்நயத்தை நம்பிப் பாடுகிறவருக்கு இதைவிடத் தகுந்த அலங்காரம் வேறில்லை என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

உறுதியாக எண்ணினாலும், அபாயத்தையும் சொல்லியாக வேண்டும். 120 மில்லி விநாடித் தாமதத்தில் திரும்பி வரும் முந்தைய உயிரொலி, பட்டு என்பதன் அந்த நடு மௌனத்தில்தான் சரியாக வந்து விழும். எதிரொலியை உரக்க வைத்தால், நாம் காப்பாற்ற வந்த ஒற்றையே அது கொன்றுவிடும். ஆகையால் மற்ற மொழிப் பாட்டுகளுக்குச் சொல்லப்படும் அளவைக் காட்டிலும் சற்றுக் குறைத்தே வைப்பது தமிழுக்கு நல்லது. எதிரொலி மூலக் குரலைவிட 12 முதல் 18 டெசிபெல் வரை தாழ்ந்திருக்கட்டும். அதோடு அதன் கூர்மையையும் சீவிவிட வேண்டும். பழைய டேப் யந்திரங்களில் உச்ச ஒலிகள் இயல்பாகவே தேய்ந்து வந்தன. கணினியின் டிலேயோ கண்ணாடிபோல அப்பழுக்கின்றித் திருப்பித் தரும். ச, ட, க போன்ற எழுத்துக்களின் வெடிப்பும் சீறலும் அப்படியே இரண்டாம் முறை கேட்டால் காதில் குத்தும். எனவே எதிரொலியில் மாத்திரம் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதையும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்டதையும் ஃபில்டர் கொண்டு நீக்கிவிட்டால், எஞ்சுவது உயிரெழுத்துக்களின் மங்கிய நிழலே. அது மூலக் குரலுக்கு உடம்பைத் தரும். சொல்லோடு சண்டை பிடிக்காது.

1963-இல் சுங்கை ரெங்கம் தோட்டத்து நிலத்தில் திட்டமிட்டு எழுப்பத் தொடங்கி, 1978-இல் சிலாங்கூரின் தலைநகராக அறிவிக்கப்பட்ட எங்கள் ஷா ஆலத்தில், வரிசை வரிசையான தொடர்வீடுகளில் ஒன்றின் மாடியறையில் என் தங்கை மகன் பாட்டுப் பதிவு செய்கிறான். சுபாங் பக்கம் இறங்கும் விமானமும், பிற்பகல் மழையும், அண்டை வீட்டுக் காரின் உறுமலும் ஓயும் நேரம் பார்த்துத்தான் அவனால் மைக்கைத் திறக்க முடியும். "மாமா, ரிவர்ப் இல்லாட்டி என் குரல் அம்மணமா நிக்கிற மாதிரி இருக்கு" என்று ஒருநாள் சொன்னான். அது உண்மையான வேதனை. சொந்தக் குரலை அலங்காரமில்லாமல் கேட்கும் துணிவு தேர்ந்த வித்துவான்களுக்கும் எளிதில் வருவதில்லை. ஆனால் அவனுடைய பதிவைக் கேட்டபோது, குறை குரலில் இல்லை, அறையில் இருந்தது. மைக்கிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளியிருக்கும் வெற்றுச் சுவரில் பட்டு ஒலி ஒன்பது மில்லி விநாடிக்குள் திரும்பிவிடுகிறது. சிமெண்டுத் தரையும் கண்ணாடி ஜன்னலும் அவ்வாறே செய்கின்றன. இத்தனை விரைவாக வரும் பிரதிகளைக் காது தனியாகக் கேட்பதில்லை. அவை மூலக் குரலோடு கலந்து சில ஸ்வரங்களை விழுங்கிச் சிலவற்றை ஊதிப் பெருக்குவதால், குரல் தகரப் பெட்டிக்குள் அடைபட்டதாகிறது. அந்தப் பெட்டிக் குரலின் மேல் ஸ்லாப்பேக்கைச் சேர்த்தால் இரண்டு பெட்டிக் குரல்கள் கேட்குமேயொழிய மண்டபம் பிறக்காது. ஆகையால் முதற்காரியம் அறையை அடக்குவது. மெத்தையைச் சுவரில் சாய்த்து, துணி நிறைந்த அலமாரியின் கதவைத் திறந்துவைத்து, பாடுபவரின் முதுகுக்குப் பின்னே கெட்டியான போர்வை ஒன்றைத் தொங்கவிட்டு, மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று பாடினால் போதும். அப்படிப் பாடிய குரல் முன்னிலும் அதிகமாக அம்மணமாகவே தோன்றும், தோன்ற வேண்டும். காய்ந்த சுண்ணாம்புச் சுவரின் மேல்தான் வர்ணம் பிடிக்கும்.

அமைக்கும் முறை கடினமானதன்று. குரல் டிராக்கின் மேலேயே டிலேயைப் போடாமல், குரலின் ஒரு கிளையை மட்டும் வாங்கிக்கொள்ளும் சென்ட் டிராக் ஒன்றைத் தனியாகத் திறந்து அதில் வைப்பது உத்தமம். அங்கே மூல ஒலியை முழுதும் அடைத்து, எதிரொலி மாத்திரம் வரும்படி செய்து, ஃபீட்பேக்கைப் பூஜ்யத்தில் நிறுத்த வேண்டும். ஃபீட்பேக் சற்றே ஏறினாலும் இரண்டாவது, மூன்றாவது எதிரொலிகள் முளைத்துவிடும். அது வேறு சாதி. ரீப்பர், கராஜ்பேண்ட், பேண்ட்லேப் போன்ற மென்பொருள்கள் எதிலும் இதற்கு வேண்டிய டிலே உள்ளேயே இருக்கிறது. டிலேக்கென்று தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியது எதுவுமில்லை. தாமதத்தின் எண்ணைத் தாளத்தோடு பொருத்த விரும்புவோர் 60,000-ஐப் பாட்டின் வேகத்தால் வகுத்தால் ஒரு தாள அடியின் நீளம் மில்லி விநாடியில் கிடைக்கும்; அதில் நாலில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் அது 125. 140 அடியில் 107. மெதுவான 90 அடிப் பாட்டில் நாலில் ஒன்று 167 ஆகி, தனி எதிரொலியாக உடைந்து கேட்குமாதலால், எட்டில் ஒன்றான 83-ஐக் கொள்வது நலம். தாளத்தோடு கச்சிதமாகப் பொருந்தினால் எதிரொலி மத்தளத்துக்குப் பின்னே ஒளிந்துகொள்ளும். ஐந்தாறு மில்லி விநாடி தள்ளி வைத்தால் சற்றே தலைகாட்டும். இரண்டில் எது இன்பம் என்பதைப் பாட்டுதான் சொல்ல முடியும்.

மெல்லிசையும் கர்நாடக சாயலும் கலந்த பாட்டுக்கு நான் இதைத் தயக்கத்தோடுதான் சிபாரிசு செய்வேன். பிருகாக்கள் விரைந்து உருளும் இடத்தில், கடந்துபோன ஸ்வரத்தின் பிரதி இப்போதைய ஸ்வரத்தின்மேல் வந்து விழுகிறது. கமகத்தின் உயிரே ஸ்வரங்களுக்கிடையே இருக்கும் வழுக்கலில்தான் என்னும்போது, அந்த வழுக்கலுக்கு ஒரு நிழல் குறுக்கே ஓடினால் சுருதி கலங்கியதுபோல் தோன்றும். அத்தகைய பாட்டில் வரி முழுவதும் எதிரொலி வேண்டாம். நெடிலிலோ மெல்லினத்திலோ முடியும் வரிக்கடைசியில் மட்டும் சென்டின் அளவை உயர்த்தி, அடுத்த வரி எழுவதற்குள் தாழ்த்திவிடலாம். இதைக் கையால் ஒவ்வொரு வரிக்கும் எழுத வேண்டியிருப்பதால் பொறுமை வேண்டும். ஆயினும் ஒரு பாட்டின் தரத்தை உயர்த்துவதில் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடானது வேறில்லை.

இன்னொரு எச்சரிக்கை, பாடுபவரின் ஹெட்ஃபோனைப் பற்றியது. தன் குரலையே தாமதமாகக் கேட்கும் மனிதனுக்கு நாக்குத் தடுமாறும் என்பதை 1950-இல் பெர்னார்ட் லீ என்ற அமெரிக்கர் எடுத்துக்காட்டினார். 200 மில்லி விநாடியை ஒட்டிய தாமதத்தில் அத்தடுமாற்றம் மிகக் கடுமையாக இருக்கும். ஸ்லாப்பேக் அவ்வளவு நீளமில்லை என்றாலும், ஹெட்ஃபோனில் உரக்க வைத்தால் ராப் பாடுபவரின் தாளம் பின்னுக்கு இழுபடுவதைக் காணலாம். சிலருக்கு இலேசான எதிரொலி தைரியத்தைக் கொடுக்கிறது; அவர்களுக்குக் கொடுக்கலாம். பதிவாகும் டிராக்கில் மட்டும் அது சேரவே கூடாது. எதிரொலியோடு பதிந்துவிட்ட குரலிலிருந்து அதைப் பிரித்தெடுப்பது பாலில் கலந்த நீரைப் பிரிப்பதாகும்.

கலவை முடிந்ததும் ஸ்டீரியோ ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டு மகிழ்ந்துவிடாமல், கைத்தொலைபேசியின் ஒற்றை ஒலிபெருக்கியிலும் காரிலும் கேட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் அங்கேதான் கேட்கப்போகிறார்கள். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் செல்லும் காரில் டயரின் இரைச்சல் அடிக்குரலையெல்லாம் தின்றுவிடும். அங்கே ஒற்றெழுத்துக்கள் தெளிவாகக் கேட்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் எதிரொலியை இரண்டு டெசிபெல் இறக்க வேண்டும். பாட்டைப் பிறகு மேடைக்கு எடுத்துச் செல்வதானால், பின்னணிக்கென்று தயாரிக்கும் டிராக்கில் ஸ்லாப்பேக்கை அறவே எடுத்துவிடலாம். பாடப்போகும் மண்டபத்தின் பின்சுவர் 15, 20 மீட்டர் தூரத்தில் இருந்தால் அதே எதிரொலியை அது தானாகவே கொடுத்துவிடும். மைக் சோதனையின்போது நடுவரிசையில் நின்று ஒரு முறை கைதட்டிக் கேட்டால் அதன் அளவு தெரிந்துவிடும்.